பாப்பா பசியாறியாச்சா?

அவைக்குத் தலைமை ஏற்று, அளவு மீறிப் பேசுகிறவர்களை அடித்து நிறுத்த ஒரு மணியையும் அருகில் வைத்துக்கொண்டு, அமைதியே வடிவாய் அமர்ந்திருக்கும் ஐயா கனகலிங்கம் அவர்களே! முன்வரிசையை மட்டுமா, இந்த மன்றத்தின் முதல் நாள் தொட்டு எங்கள் முயற்சியையும் முதுகில் தாங்கி நிற்கும் மூத்தோர்களே! அடுப்பின் அனலில் நின்று அடுத்தவர் பிள்ளைக்கும் ஆக்கிப் போட்ட அன்னையர்களே! கிள்ளானிலிருந்தும் காப்பாரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் சகோதரிகளே! ஒலிபெருக்கியோடு ஓயாமல் மல்லுக்கட்டும் தம்பி பாலன் அவர்களே! கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், எப்போது நழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் அருமைத் தங்கை புஷ்பவல்லியே! உங்கள் அனைவருக்கும் இந்த ராஜினியின் இரு கரம் கூப்பிய வணக்கம்.

அட, யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்! சொன்ன மாத்திரத்தில் எல்லாத் தலையும் பின்னால் போகிறதே! இப்படிப் பார்த்தால் அவள் எழுந்து போய்விடுவாள். ஜெயராஜ் அண்ணே, அந்தக் கதவைச் சாத்தி அதன் மேலேயே சாய்ந்துகொள்ளுங்கள். காப்பாரிலிருந்து வேனில் ஏற்றி வந்தவர் நீங்கள்தான். காவலும் உங்கள் பொறுப்புதான்.

என்னைத் தெரியாதவர்களும் இங்கே இருப்பீர்கள். நான் இதே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவள். அரசாங்க மருத்துவமனையில் நோயாளிகளின் உணவைக் கவனித்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றேனே தவிர, ஓய்வெடுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் நம் மகளிர் மன்றம் ஒரு பள்ளியின் கேண்டீனை எடுத்து நடத்தத் துணிந்தபோது, அந்தச் சுமையை என் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

எந்தப் பள்ளி? வெளிநாட்டு இராணுவக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் சின்னஞ்சிறு பள்ளி. இங்கே உள்ள இராணுவக் கல்லூரியில் ஒரு வருடம் படிக்க எத்தனையோ நாடுகளிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். மனைவி வருகிறார், மக்கள் வருகிறார்கள். மொழி தெரியாத ஊரில், முகம் தெரியாத மனிதர்களிடையே, அந்தப் பிள்ளைகள் காலையில் வந்து இறங்கும் முதல் இடம் எது? வகுப்பா? இல்லை. நம் கேண்டீன்!

அந்தக் கேண்டீனை நடத்துவது லேசான காரியம் என்று நினைக்கிறீர்களா? ஒரு பிள்ளை மாடு தின்னாது, ஒரு பிள்ளை பன்றி தின்னாது, ஒரு பிள்ளைக்குக் கச்சான் கடலை பட்டாலே உதடு வீங்கும். ஒரு நாட்டுப் பிள்ளைக்கு நம் சாம்பார் நெருப்பு. இன்னொரு நாட்டுப் பிள்ளைக்கு அதே சாம்பார் சப்பென்று இருக்கும். ஆமாம், சிரியுங்கள். சிரிக்கலாம், இன்னும் கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடியும்.

நான் பேச வந்த விஷயம் இது. பள்ளி நிர்வாகம் நம்மிடம் ஒன்று கேட்டிருக்கிறது. வரும் பருவத்திலிருந்து, பரிமாறுகிறவர்கள் பிள்ளைகளோடு பேசக் கூடாதாம். தட்டை நீட்டினால் போட வேண்டும். அதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது. நம் மன்றத்திலேயே பாதிப் பேர் ‘சரிதான், வம்பு வேண்டாம்’ என்கிறீர்கள். இன்னும் சற்று நேரத்தில் ஐயா கேட்பார், நீங்கள் கை தூக்குவீர்கள். தூக்குங்கள். ஆனால் எதற்காகத் தூக்குகிறோம் என்று தெரிந்து தூக்குங்கள். ஏனென்றால் பேசக் கூடாத குசினிக்குப் புஷ்பவல்லி திரும்பி வர மாட்டாள். அவள் இல்லாத குசினி வெறும் அடுப்பும் பாத்திரமும்தான், வேறொன்றும் இல்லை.

நம் கேண்டீனில் பரிமாறிய புஷ்பவல்லியைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஊரில் பிறந்தவள்தான் நான், ஆனால் தாத்தா பாட்டி ஊர்ப் பழக்கத்தில் எங்கள் வீட்டில் ‘சாப்பிட்டாச்சோ’ என்றுதான் கேட்போம். ‘பசியாறியாச்சா’ என்ற வார்த்தை இந்தக் காப்பார்க்காரி வந்த பிறகுதான் என் வாயில் ஒட்டியது. இந்த நாட்டுத் தமிழனுக்குக் காலைச் சாப்பாடு என்றால் பசியாறல்தானே! வணக்கம் சொல்ல மறந்தாலும் மறப்பான், ‘பசியாறியாச்சா’ என்று கேட்க மறக்க மாட்டான். தபால்காரர் வந்தால் பசியாறியாச்சா. கடன்காரன் வந்தாலும் பசியாறியாச்சா. என்ன ஐயா, தலையாட்டுகிறீர்கள், உங்களுக்கும் அந்த அனுபவம் உண்டா?

புஷ்பம் ஒவ்வொரு பிள்ளையையும் அப்படித்தான் கேட்பாள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைக்குக் குடிக்க மைலோ மட்டும். சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு முழுத் தட்டு. அது அவளுடைய கணக்கு. வயிறு நிறைந்த பிள்ளைக்குத் திணறத் திணற ஊட்டி, வகுப்பில் வாந்தி எடுக்க வைத்து, ஆசிரியையிடம் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்த கணக்கு.

அப்படி இருக்கையில்தான் ஒரு சிறுமி வந்தாள். முதல் வகுப்பு. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த மண்டபத்தில் அரசியல் புகுந்துவிடும். பெயரையும் சொல்ல மாட்டேன். அவள் அம்மாவிடம் நான் அனுமதி வாங்கவில்லை. குசினியில் அவளுக்குப் பெயர் பாப்பா. இருந்த பிள்ளைகளில் அவள்தான் சின்னவள். அதனால் புஷ்பம் அப்படிக் கூப்பிட்டாள், நாங்களும் கூப்பிட்டோம்.

‘பாப்பா பசியாறியாச்சா?’

காலை தவறாமல் கேட்பாள். கையால் வாயைக் காட்டி, தலையை ஆட்டிக் கேட்பாள். அந்தப் பிள்ளைக்கும் சில வாரங்களில் அந்த வார்த்தை பிடிபட்டுவிட்டது. கேள்வி வந்ததும் முகம் மலரும். ‘ஆச்சு ஆன்டி! ரொட்டி, முட்டை!’ என்பாள். மறுநாள் ‘ஆச்சு ஆன்டி! சோறு, பருப்பு!’ என்பாள். சரி, இந்தப் பிள்ளை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறது என்று புஷ்பம் மைலோவை மட்டும் ஊற்றிக் கொடுப்பாள்.

அந்தப் பிள்ளையின் அப்பா அப்போது இங்கே இல்லை. படிப்பின் நடுவிலேயே அவர் நாட்டு எல்லையில் சண்டை மூண்டுவிட்டது; அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம் இருந்தது, பிள்ளையின் படிப்பு இருந்தது. மனைவியும் மகளும் இங்கேயே தங்கினார்கள். இது எங்களுக்கெல்லாம் தெரியும். பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

நாளாக ஆக அந்தப் பிள்ளை இளைத்தது. ஆசிரியை என்னிடம் வந்து, ‘பத்து மணிக்கெல்லாம் மேசையில் தலை சாய்த்துவிடுகிறாளே, நீங்கள் காலையில் சாப்பாடு போடுகிறீர்களா இல்லையா?’ என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவது உங்களுக்குப் புதிதா என்ன! ‘வீட்டில் சோறும் பருப்பும் சாப்பிட்டு வருகிற பிள்ளைக்கு இன்னும் என்னத்தைப் போடுவது?’ என்றேன். புஷ்பம்தான் குறுக்கே வந்து, ‘இல்லக்கா, என்னமோ சரியில்ல. கன்னமே ஒட்டிப்போச்சு பாருங்க’ என்றாள்.

பிறகு ஒரு காலை. ‘பாப்பா பசியாறியாச்சா?’ என்று இவள் கேட்க, அந்தப் பிள்ளை பதில் சொல்லவில்லை. தலையை இல்லையென்று ஆட்டியது. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நாங்கள் என்ன நினைத்தோம்? அம்மா கவலையில் அடுப்பே மூட்டுவதில்லை போலும் என்று நினைத்தோம். புஷ்பம் தட்டு நிறையப் போட்டாள். அந்தப் பிள்ளை அதைத் தொடவே இல்லை. தட்டைப் பார்க்கும், இவளைப் பார்க்கும், கண்ணில் நீர் முட்டும்.

புஷ்பம் விடுகிற ஆளா? கரண்டியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இட்லியைப் பிட்டு, சீனியைத் தொட்டு, ‘இந்தா, இது பாப்பாவுக்கு. பாப்பாவுக்கு ஒரு வாய். பாப்பா நல்லா சாப்பிடணும், பாப்பா தெம்பா இருக்கணும்’ என்று ஊட்டினாள். ஆச்சரியம்! அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது. பாப்பாவுக்கு ஒரு வாய் என்று சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாயாக வாங்கியது. அழுதுகொண்டே வாங்கியது. தட்டில் ஒரு துணுக்கு மிச்சமில்லை.

பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தால்கூட இவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்திருக்காது. வெளியே வேனிலிருந்து காய்கறி இறக்கிக்கொண்டிருந்த ஜெயராஜ் அண்ணனைப் பார்த்துக் குசினியே அதிரக் கத்தினாள். ‘அண்ணே! பாப்பா பசியாறியாச்சு! பாப்பா பசியாறியாச்சு!’

அந்தப் பிள்ளை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தது. ஓடியது. பள்ளி வாசலில் அதன் அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தார், அவரிடம் ஓடியது.

தம்பி பாலன், அந்த மின்விசிறியின் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இனிமேல் நான் சத்தமாகப் பேச மாட்டேன்.

அடுத்த நிமிடம் அந்த அம்மா குசினிக்குள் ஓடி வந்தார். நான் பாசாரில் சாமான் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்து உள்ளே நுழைகிறேன். அதுவரை எங்கள் குசினிக்குள் கால் வைக்காத பெண் அவர். புஷ்பத்தின் மாவுக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ‘உண்மையா? உண்மையாகவா? யார் சொன்னார்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். நம்மவளுக்கு அந்த ஆங்கிலத்தில் பாதிதான் புரிந்தது. பிள்ளை சாப்பிட்டதைக் கேட்டு ஒரு தாய் மகிழ்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். ‘யெஸ், யெஸ்! பாப்பா ஈட் ஆல்ரெடி லா! ஆல் ஃபினிஷ்! பாப்பா ஓகே, நோ வொர்ரி!’ என்றாள்.

அந்தப் பெண் சிரித்தார். அழுதார். புஷ்பத்தின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைப்பேசியை எடுத்துத் தன் நாட்டுக்கு அழைத்தார். எதிர்முனையில் மாமியார். இவர் ஏதோ சொல்ல, அந்தப் பக்கம் ஒரு வீடே கூடி அழுவதும் சிரிப்பதும் எங்கள் குசினியில் கேட்டது. அந்தக் குழந்தையோ அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறது. ‘பாப்பா ஆச்சு! பாப்பா ஆச்சு!’ என்று பாடுகிறது.

அப்போதுதான், பெரியோர்களே, நான் அந்தக் கைப்பேசியைக் கவனித்தேன். அதன் உறையில் செருகியிருந்த படத்தை அந்தக் குழந்தை தொட்டுத் தொட்டுப் பேசியது. சீருடை அணிந்த ஒரு மனிதரின் படம். அதைத் தொட்டுத்தான் ‘பாப்பா’ என்றது.

அந்த நாட்டில் அப்பாவைப் பாப்பா என்று அழைப்பார்கள்.

ஐயோ! எப்படிச் சொல்வேன்? நம் தமிழில் பாப்பா என்றால் பச்சைக் குழந்தை. அவர்கள் வீட்டில் பாப்பா என்றால் பெற்ற தகப்பன். ‘பாப்பா பசியாறியாச்சா’ என்று இவள் கேட்டதெல்லாம் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். அந்தப் பிள்ளை புரிந்துகொண்டதோ, ‘உன் அப்பா சாப்பிட்டாரா’ என்று! ரொட்டியும் முட்டையும் யார் தின்றது? சோறும் பருப்பும் யார் தின்றது? போர்முனையில் இருந்த அப்பா! இரவு அவர் மனைவிக்குச் செய்தி அனுப்புவார். காலையில் தலை வாரும்போது மகள் கேட்பாள், ‘பாப்பா என்ன சாப்பிட்டார், ஆன்டி கேட்பாரே’ என்று. அதைக் கேட்டு வந்து பெருமையாகச் சொன்ன பிள்ளை, தான் வெறும் வயிற்றோடு மைலோவைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனாள். பள்ளியில் பசியாறல் உண்டு என்று நம்பி அம்மாவும் வீட்டில் எதுவும் கொடுத்தனுப்பவில்லை. பிறகு செய்தி நின்றது. ஆளைக் காணவில்லை என்றார்கள். அதனால்தான் தலை ஆடியது. ‘பாப்பாவுக்கு ஒரு வாய்’ என்று இவள் ஊட்டியபோது அது யாருக்காக வாய் திறந்தது என்று இப்போது தெரிகிறதா உங்களுக்கு?

அந்த அம்மா ஏன் நம்பினார்? அதையும் நினைத்துப் பாருங்கள். இராணுவக் கல்லூரியின் வண்டியோட்டிகள் எல்லாம் காப்பி குடிக்க வருவது நம் கேண்டீனுக்குத்தான். எந்தச் செய்தியும் அலுவலகத்துக்குப் போகுமுன் குசினிக்கு வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே குசினிக்காரி ‘பாப்பா ஓகே’ என்றால் அது செய்திதானே?

அவரிடம் உண்மையைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. எதிர்முனையில் அவர் மாமியார் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். நான் அவர் தோளைத் தொட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை. ‘எங்கள் மொழியில் பாப்பா என்றால் குழந்தை, அம்மா. இவள் உங்கள் மகளைச் சொன்னாள். உங்கள் கணவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்றேன்.

அவர் என்னை அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. ஏசவில்லை. புஷ்பத்தைக் கை காட்டினார். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். ‘அப்படியானால், இத்தனை நாளும் இவர் காலை தவறாமல் விசாரித்தது என் கணவரை இல்லையா?’

இந்தப் பெரிய கோலாலம்பூரில், தன் கணவர் சாப்பிட்டாரா என்று கேட்க ஒரே ஒரு ஜீவன் இருக்கிறது என்று நம்பி வாழ்ந்தார் அவர். அந்த ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. கைப்பேசியில் மாமியாரிடம் அவர் திருத்திச் சொன்ன மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் எழுந்த ஓலத்துக்கு மொழி தேவைப்படவில்லை.

அந்த வாரமே செய்தி வந்தது. அவர் இறந்துவிட்டார். எங்கள் குசினியில் நாங்கள் சிரித்த காலைக்கு முன்பே அவர் இறந்துபோயிருந்தார்.

ஊருக்குப் புறப்படும் முன் அந்தப் பிள்ளை கடைசியாக ஒரு காலை பள்ளிக்கு வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் புஷ்பத்தின் முன்னால் வந்து நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அந்தக் கேள்விக்காக நிற்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். புஷ்பத்துக்கும் தெரியும். ஆனால் அவள் வாய் எழவில்லை. எப்படி எழும்? அவள் குனிந்த தலை நிமிராமல் இரண்டு இட்லியை வைத்தாள். அந்தப் பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டது.

அன்றைக்கே இவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ‘நான் வாயத் தொறந்ததுனாலதானக்கா இவ்வளவும்’ என்றாள். காப்பாருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. நான் எத்தனை முறை போய்க் கூப்பிட்டேன்! எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஓரம், வெயிலில், என் பழைய காரைத் தள்ளாத குறையாக ஓட்டிக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். தேநீர் போட்டுத் தருவாள், வர மாட்டாள்.

இப்போது பள்ளி சொல்கிறது, பேசாதே! நம்மில் பாதிப் பேரும் சொல்கிறோம், பேசாதே!

நான் கேட்கிறேன். இவள் பேசியதா பிழை? பிழை அங்கே இல்லை, தாய்மார்களே! தமிழில் கேட்பது என்றால் வினவுவதும் கேட்பதுதான், காது கொடுப்பதும் கேட்பதுதான். நாம் ஒன்றைச் செய்தோம், மற்றதை விட்டுவிட்டோம். ரொட்டி என்றாள், முட்டை என்றாள். யார் சாப்பிட்டது, எப்போது சாப்பிட்டது என்று மேற்கொண்டு ஒரு சொல் நாம் கேட்டோமா? தலையாட்டினாள், ஏன் என்று கேட்டோமா? அழுதாள், அந்த அழுகையைக் கேட்டோமா? இன்னும் ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில், அதற்குக் கொஞ்சம் பொறுமை! அது இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பட்டினி கிடந்திருக்காது. அந்தத் தாய் அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார்.

அதற்குப் பரிகாரம் வாயைப் பூட்டுவதா? கடைசி நாளில் அந்தப் பிள்ளை தட்டை வைத்துவிட்டுப் போனது யாரும் பேசியதாலா? யாரும் பேசாததால்! அப்பா போய்விட்டார், அதன் வீடே இடிந்துவிட்டது. அப்போதும் ‘பாப்பா பசியாறியாச்சா’ என்று ஒருத்தி கேட்பாள் என்று நம்பி வந்து நின்றதே அந்தப் பிள்ளை! அதற்கு வேண்டியிருந்தது இட்லி இல்லை. வரும் பருவத்தில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். எந்த வீட்டில் எந்தச் செய்தி காத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் முன்னால் ஊமையாக நின்று கரண்டியை நீட்டவா நாம் இந்த மன்றத்தை வைத்தோம்? சொல்லுங்கள், அதற்காகவா?

ஐயா மணியில் கை வைத்துவிட்டார். தெரிகிறது ஐயா, முடித்துவிடுகிறேன். வழக்கமான முடிவு என்னிடம் இன்று இல்லை. இந்த மண்டபத்தில் ஒரே ஒரு ஆளை ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன். காலையில் கீழே எல்லோரும் பசியாற வரிசையில் நின்றபோது, இவள் நேராக மாடிக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். எவர் கேட்டாலும் ‘ஆச்சு, ஆச்சு’ என்றாள். வேலையை விட்ட நாளிலிருந்து அதே பதில்தான். நாங்களும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இப்போது எல்லோரும் திரும்பிப் பார்க்கலாம்.

புஷ்பம், எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே சொல். ஒலிபெருக்கி வேண்டாம், பாலன், கொண்டு போகாதீர்கள். நான் காத்திருக்கிறேன். இவ்வளவு பேரும் காத்திருப்போம்.

பசியாறியாச்சா?

...

கேட்கவில்லை தங்கச்சி. இன்னொரு தரம் சொல்.

...

கேட்டீர்களா? முன்வரிசையில் இருப்பவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது, எனக்கு இங்கிருந்து அவள் உதடு தெரிகிறது. ‘இல்லக்கா. இன்னும் இல்ல’ என்கிறாள்.

போதும் ஐயா. மணி அடிக்க வேண்டாம். பசியாறவில்லை என்று ஒருத்தி சொன்ன பிறகு எனக்கு மேடையில் என்ன வேலை? ஜெயராஜ் அண்ணே, கதவைத் திறங்கள், கீழே அண்டாவில் இட்லி மீந்திருக்கும், ஆவி போயிருந்தால் சூடு காட்டச் சொல்லுங்கள். அவள் சாப்பிட்டு எழுந்து வரும்வரை யாரும் கை தூக்காதீர்கள். இவ்வளவு நேரம் என் பேச்சைக் கேட்ட அனைவருக்கும், கேட்டதற்காகவே நன்றி சொல்லி வணங்குகிறேன். வழி விடுங்கள், நான் அவளுக்குப் பரிமாறப் போகிறேன்.